கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் துளை விழுந்த பீம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் வழியில், 66-ஆம் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி 22 சென்ட் இடத்தில் நடந்த வேலை இது. கேரள எல்லை அங்கிருந்து பைக்கில் பத்து நிமிஷம். உரிமையாளர் வளைகுடாவில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கீழே இரண்டு தளம் கடை, மேலே மூன்று தளத்தில் ஆறு வீடு. கடை வாடகையில் வங்கிக் கடன் அடையும், ஒரு வீட்டில் அவரும் இன்னொன்றில் மகளும் இருப்பார்கள், மீதியை விற்பார். இதுதான் கணக்கு.

நான் அந்தக் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். யாருடைய பெயரையும் எழுதவில்லை. நடந்த தவறில் என் பங்கும் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் இந்த ரோட்டில் இப்போது இதே மாதிரிக் கட்டடங்கள்தான் வரிசையாக எழும்புகின்றன.

கடைக்காரருக்கு வேண்டியது பில்லர் இல்லாத அகலம், உயரமான கூரை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வீட்டுக்கு வேண்டியது மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு சுவர், அடுக்களை, குளியலறை, அவற்றிலிருந்து இறங்கும் குழாய்கள். பாரமும் வேறு வேறு: ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டட விதிநூலின் இரண்டாம் பகுதிப்படி வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் (ஏறக்குறைய 200 கிலோ எடை), சில்லறைக் கடைக்கு 4. இந்த இரண்டு உலகமும் சந்திக்கும் தளம் ஒன்று இருக்குமே, இங்கே அது இரண்டாம் மாடித் தளம், அதில்தான் எல்லாச் சிக்கலும் வந்து சேரும்.

முதல் வரைபடமும் நாங்கள் மாற்றியதும்

என் கைக்கு வந்த வரைபடத்தில் வீடுகளின் ஆறு பில்லர்கள் கீழே இறங்கவே இல்லை. கடைக்கூரையின் பீம்கள் மேலேயே நின்றன. இதைத்தான் ஃப்ளோட்டிங் பில்லர் என்கிறோம். ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, நிலநடுக்கத்தின் பக்கவாட்டு விசையைத் தாங்கும் அமைப்பில் இப்படிப்பட்ட பில்லர் ஓர் அங்கமாகவோ, அந்த அமைப்பைத் தாங்குவதாகவோ இருக்கக் கூடாது என்று தடுக்கிறது. அந்த விதிநூலில் திருவனந்தபுரம் நிலநடுக்க ஆபத்தில் மூன்றாம் மண்டலம்; எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே மண்டலத்தை வைத்தே வடிவமைப்பது என்று முடிவு செய்தோம்.

“நம்ம ஊர்ல எங்க சார் பூமி அதிருது?” என்று உரிமையாளர் கேட்டார். 2001 ஜனவரி 26-இல் புஜ் நிலநடுக்கம் வந்தபோது மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன, அவற்றில் பல கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டவை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வீடுகளின் அறைகளைத் தள்ளி வைக்க ஒத்துக்கொண்டார்.

அறைகளை மாற்றி அடுக்கியதில் ஆறில் நான்கு பில்லர்கள் நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கின. முன்பக்கம் இரண்டு மட்டும் மிச்சம். அவற்றின் கீழே கடையின் நுழைவாசல், 8.4 மீட்டர் தடையில்லாமல் வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். சரி, அந்த இரண்டையும் செங்குத்துப் பாரம் மட்டும் சுமப்பவையாக வைத்துக்கொண்டு, பக்கவாட்டு விசை முழுவதையும் லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி அஸ்திவாரம் வரை போகும் கான்கிரீட் சுவர்களுக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு ஃப்ளோட்டிங் பில்லரும் வேலை முடிந்ததும் சுமார் 65 டன் சுமக்கும். அதைத் தாங்க 450 மில்லிமீட்டர் அகலம், 1200 மில்லிமீட்டர் ஆழத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபர் பீம்கள், அதாவது மேல் பில்லரின் பாரத்தை வாங்கி இரு முனையிலும் உள்ள பில்லர்களுக்கு மாற்றிவிடும் பீம்கள்; கான்கிரீட் எம்30 என்ற பலத் தரம். பில்லர் பீமின் சரிநடுவில் நிற்கும்.

இந்தப் பக்கத்தில் வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் ஒன்பது அங்குலப் பில்லரை இங்கே விடவில்லை. ஐ.எஸ். 13920 சொல்லும் 300 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமான ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கித்தான் கட்டினோம். மேஸ்திரிக்கு அது அலுப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்தார்.

எடவப்பாதி மழையில் வந்த போன்

ஜூன் நடுவில், நல்ல மழை நாள். நான்காம் மாடித் தளம் வரை கான்கிரீட் முடிந்திருந்தது. டிரான்ஸ்ஃபர் பீமுக்கு அடியில் இருந்த முட்டுகளை அதற்கு முந்தைய வாரமே எடுத்துவிட்டார்கள். வேலை ஓணத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. எல்லையில் இருக்கும் ஜவுளிக்கடைக்கு ஓணம் வியாபாரம் எவ்வளவு முக்கியம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சைட் இன்ஜினியர் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். கூப்பிட்டு, “சார், முன்பக்கம் பெரிய பீம்ல மூணு ஓட்டை இருக்கு. பக்கத்துல ஒரு விரிசல். எனக்குச் சரியாப் படலை, நீங்க இன்னைக்கே வந்து பாக்கணும்” என்றார். மேஸ்திரி அவரிடம், “மக்களே, பைப்புக்குப் போட்ட ஓட்டை, பூச்சுல மறைஞ்சிரும்” என்று சொல்லியிருக்கிறார். அவர் அதோடு விட்டிருந்தால் பூச்சில் மறைந்துதான் போயிருக்கும். இந்த ஆய்வில் மிகச் சரியான முடிவு எடுத்தவர் அவர்தான் என்பது என் கருத்து.

பீமில் கண்டது

வலப்பக்க பீமில், பில்லர் முகத்திலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 125 மில்லிமீட்டர் விட்டம். கோர் கட்டிங் இயந்திரத்தில் சுத்தமாக அறுத்தவை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அறுபட்ட கம்பி முனைகள் மின்னின. நான்கு ரிங் வெட்டுப்பட்டிருந்தன. கீழே ஓடும் நீளக் கம்பிகளில் படவில்லை. மூன்றாவது துளையிலிருந்து பீமின் அடியை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல், 40 சென்டிமீட்டர் நீளம். விரிசல் அளக்கும் அட்டையை வைத்துப் பார்த்தால் அகலமான இடத்தில் 0.35 மில்லிமீட்டர். சாதாரணச் சூழலுக்குக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 விடும் எல்லையே 0.3 தான். அதைவிடப் பயமுறுத்தியது விரிசலின் சாய்வு. கான்கிரீட் காய்ந்து சுருங்கியதால் வரும் விரிசல் அப்படி ஓடாது. இது ஷியர், அதாவது பீமைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் விசை. அது முற்றினால் அதிகம் எச்சரிக்காமலே உடையும்.

இடப்பக்க பீமில் ஒரே ஒரு துளை. விரிசல் இல்லை.

துளை போட்டவர்கள் இதை ஏதோ விவரமில்லாமல் செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சாதாரண பீமில் ஷியர் முனையில் அதிகம், நடுவை நோக்கிப் போகப் போகக் குறையும். ஓரத்தை விட்டுத் தள்ளி, ஆழத்தின் மத்தியில் சின்னத் துளை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பல வருஷ வேலையில் அவர்கள் கண்டது அது. டிரான்ஸ்ஃபர் பீம் அப்படி இல்லை. நடுவில் பெரிய பாரம் ஒன்று உட்கார்ந்திருப்பதால் முனையிலிருந்து நடு வரை ஷியர் அதிகம் குறையாமல் அப்படியே ஓடுகிறது. துளை போட நல்ல இடம் என்று அதில் ஒன்றுமே கிடையாது. அதை நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவு செய்தது

முதலில் மேலே எல்லா வேலையையும் நிறுத்தினோம். செங்கல், மணல், கம்பி எதுவும் மேலே ஏறக் கூடாது. அடுத்தது முட்டு. அந்த நேரத்தில் பீமின் நடுவில் இருந்த பாரம் சுமார் 40 டன். சைட்டில் கிடந்த சாதாரண இரும்பு முட்டுகளை நாலு மீட்டருக்கு நீட்டினால் ஒன்று ஒன்றரை, இரண்டு டன்தான் தாங்கும், அதை நம்பவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு இரும்புக் கடையைத் திறக்கச் சொல்லி ஐ வடிவ இரும்புத் தூண்கள் எட்டு வாங்கினோம்.

எட்டு எதற்கென்றால், முதல் மாடியில் நான்கு, அதே நேர்கோட்டில் தரைத்தளத்திலும் நான்கு. முட்டுகளை முதல் மாடித் தளத்தோடு நிறுத்தினால் பீமின் பாரம் அந்தத் தளத்தின் தலையில் போய் உட்காரும், அது அதற்காகச் செய்தது இல்லை. பாரம் தரை வரை இறங்க வேண்டும். தரையிலும் மழையில் ஊறிய மண் மேல் நேரடியாக வைக்காமல், கான்கிரீட் மெத்தையும் அதன் மேல் தடித்த இரும்புத் தகடும் போட்டு வைத்தோம். விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆப்பு இறுக்கி முடிந்தது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதினோம். பழைய முறைதான், விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். உடையவில்லை.

அதற்கடுத்த வாரம் கான்கிரீட் சோதனை. அல்ட்ராசானிக், ரீபவுண்ட் ஹாமர் இரண்டும் பார்த்துவிட்டுக் கம்பி இல்லாத இடத்தில் மூன்று கோர், அதாவது உருளையாக அறுத்தெடுக்கும் கான்கிரீட் மாதிரி, எடுத்தோம். சராசரி, எம்30-க்கு வேண்டிய பலத்தில் 85 சதவீதத்துக்கு மேல். எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே இல்லை. ஐ.எஸ். 456 கேட்பது இவ்வளவுதான். ஆக கான்கிரீட்டில் குற்றமில்லை.

குழாய் ஏன் அந்த வழியில் போனது

மேலே இருக்கும் முன்பக்க வீடுகளின் குளியலறைக் கழிவுக் குழாய் பின்பக்கக் குழாய் அறைக்குப் போக வேண்டும், ஏறக்குறைய ஒன்பது மீட்டர். 60-க்கு 1 என்று சரிவு கொடுத்தால் அதற்கே 15 சென்டிமீட்டர் இறக்கம். முதல் மாடிக் கடையின் உயரம் 4.2 மீட்டர், அதில் பீம் 1.2 மீட்டரைத் தின்றுவிட்டது. குழாய் பீமுக்கு அடியில் போனால் கடையின் கூரை இன்னும் தாழும், ஜவுளிக்கடைக்காரர் ஏற்கவில்லை. பீம் வழியாகப் போவதைத் தவிர பிளம்பருக்கு வேறு வழி இருக்கவில்லை.

பிளம்பிங் வரைபடம் என்னிடம் வந்திருந்தது. குழாய்கள் கோடாக இருந்தன, பீம்கள் அதில் இல்லை. என் வரைபடத்தில் பீம்கள் இருந்தன, குழாய்கள் இல்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். நான் பார்க்கவில்லை, ஆர்க்கிடெக்டும் பார்க்கவில்லை, அவர் பார்ப்பார் என்று நானும் நான் பார்ப்பேன் என்று அவரும் இருந்திருக்கிறோம். என் வரைபடத்தின் ஓரத்தில் “அனுமதியில்லாமல் துளையிடக் கூடாது” என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு உண்டு. பிளம்பர் பாறசாலைப் பக்கத்துக்காரர், மலையாளம் படிப்பார். இயந்திரம் பிடித்தவர்கள் வங்காளத்திலிருந்து வந்த பையன்கள். அந்தக் குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்று இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

எடுத்த முடிவு

காண்டிராக்டர் காய்ந்தாலும் சுருங்காத சிமெண்ட் கலவையான கிரௌட் வைத்துத் துளையை அடைத்துவிடலாம் என்றார். கான்கிரீட் திரும்ப வரும், வெட்டுப்பட்ட ரிங் வராது. அதனால் அதை உடனே தள்ளிவிட்டோம்.

கார்பன் ஃபைபர் துணியைச் சுற்றி ஒட்டுவது அடுத்தது. நான்கு நாளில் முடிந்துவிடும், பீம் பருக்காது, உரிமையாளருக்கு மிகவும் பிடித்தது. நான் மறுத்ததற்குக் காரணம் தீ. ஒட்டும் எப்பாக்சி சூடேறினால் சீக்கிரம் இளகிவிடும், பல வகைகள் 60 முதல் 80 டிகிரியிலேயே பிடியை இழக்கத் தொடங்கும். கீழே துணிக்கடை, மேலே ஆட்கள் தூங்கும் வீடு. தீப்பிடித்த இரவில் அந்த பீம் கூடுதல் பலத்தை இழந்தால் மேலே இருப்பவர்கள் படியிறங்கி வர நேரம் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு நிம்மதியான பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது, பீமைச் சுற்றிப் புதிய ரிங்கும் கான்கிரீட்டும் போட்டு ஜாக்கெட் செய்வது. நான்காவது, நேராக ஃப்ளோட்டிங் பில்லருக்கு அடியில் புதிதாக ஒரு பில்லரைத் தரையிலிருந்து எழுப்புவது. கட்டடத்துக்கு இதுதான் மிக நல்லது, பில்லர் அப்புறம் ஃப்ளோட்டிங்கே இல்லை. ஆனால் கடையின் வாசல் நடுவில் அது வந்து நிற்கும்.

ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடம் கணக்குகளைக் கொடுத்து, என்னைச் சாராமல் தனியாகப் பார்க்கச் சொன்னேன். அவரும் விரிசல் விட்ட பீமுக்குப் பில்லர், மற்றதற்கு ஜாக்கெட் என்றே சொன்னார். உரிமையாளரோடு நடந்த பேச்சு கடினமானது. அவர் கோபப்பட்டார், அதில் நியாயமும் இருந்தது. கடைசியில் அவருடைய மகள், “அப்பா, அந்த பீமுக்கு மேல இருக்குற வீட்லதான நான் இருக்கப்போறேன்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. ஜவுளிக்கடைக்காரரிடம் நானும் அவரும் சேர்ந்தே போய்ப் பேசினோம்.

பில்லர் எழுந்த விதம்

ஓடும் மழையில் அஸ்திவாரம் தோண்டுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கட்டம். இங்கே மேலே கெட்டியான வெட்டுக்கல், அதை ஆழமாகக் குடைந்தால் அடியில் மெழுகு மாதிரி களிமண். ஆகவே 1.8 மீட்டருக்குக் கீழே போகாமல், 2.1 மீட்டர் சதுரத்தில் அகலமாகப் போட்டோம். குழியில் தண்ணீர் நிற்க விடாமல் மோட்டார் இரவும் பகலும் ஓடியது, தோண்டி முடித்த அன்றே அடிக் கான்கிரீட் போட்டு மண்ணை மூடினோம். பக்கத்துப் பில்லரின் அஸ்திவாரத்தை விட ஒரு அங்குலம்கூட ஆழம் போகவில்லை.

பில்லர் 450-க்கு 600. பீமை விட அகலமாக வைத்ததால் பில்லரின் கம்பிகள் முதல் மாடி பீமின் இரு பக்கத்திலும் ஒட்டி மேலே போயின, பீமின் கம்பி ஒன்றைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. நடுவில் புதிதாகத் தாங்கல் வந்தால் பீமின் மேற்பகுதி இழுபடும், அங்கே கம்பி போதுமா என்று இரண்டு தளத்து பீமுக்கும் பார்த்தோம், போதும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இதில் உண்டு. பில்லரை பீமின் அடியில் ஒட்டிக் கட்டிவிட்டால் மட்டும் ஏற்கனவே பீம் சுமக்கும் 40 டன் பில்லருக்கு வந்துவிடாது, இனி ஏறும் பாரம்தான் வரும். அதனால் பில்லர் தலைக்கும் பீமுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, தட்டையான ஹைட்ராலிக் ஜாக் இரண்டை வைத்து, ஐந்து ஐந்து டன்னாக 30 டன் வரை ஏற்றினோம். பீம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் நிறுத்துவது என்று எழுதி ஒட்டியிருந்தோம், அவ்வளவு எழும்பவில்லை. இரும்புத் தகடு வைத்து இறுக்கி, கிரௌட் ஊற்றி, அது பலம் பெற்ற பிறகே ஜாக்கை விட்டோம். துளைகள் இருந்த இடத்தில் ஷியர் வடிவமைப்பில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. துளைகளை அடைத்து, அந்த ஒரு மீட்டரை மட்டும் புது ரிங் போட்டு ஜாக்கெட் செய்தோம். விரிசலில் எப்பாக்சி செலுத்தினோம். இடப்பக்க பீமை முழு நீளமும் இரு பக்கமும் 100 மில்லிமீட்டர் பருக்க வைத்தோம்.

அடுத்து நடந்தது

ஓணம் போய்விட்டது. ஜவுளிக்கடை கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் திறந்தது, உரிமையாளர் நாலு மாத வாடகையை இழந்தார். சரிசெய்யும் செலவை அவரும் காண்டிராக்டரும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். என் பங்கை நானே கேட்டு ஏற்றேன். வாசல் நடுவில் வந்த பில்லரைக் கடைக்காரர் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்துப் பட்டுப்புடவை காட்டும் இடமாக்கிவிட்டார்.

கூரை முடிந்ததும் இடப்பக்க பீமுக்குப் பார சோதனை செய்தோம். ஐ.எஸ். 456 சொல்வது போல மணல் மூட்டைகளால் வடிவமைப்பு நகரும் பாரத்தின் (ஆட்கள், சாமான்களின் பாரம்) 1.25 மடங்கு, 24 மணி நேரம். இந்த நீளத்துக்கும் ஆழத்துக்கும் பீம் 2.35 மில்லிமீட்டருக்குள் தாழ்ந்தால் பாரத்தை இறக்கிய பின் எவ்வளவு மீண்டது என்றுகூடப் பார்க்கத் தேவையில்லை. எங்களுக்கு ஒரு மில்லிமீட்டரைத் தொடவில்லை.

குழாய்கள்? முன்பக்கக் குளியலறைகளைப் பக்கச் சுவரை ஒட்டி நகர்த்தி, அங்கேயே நேராக இறங்கும் புதுக் குழாய் அறை கட்டினோம். எந்தப் பெரிய பீமையும் அவை இப்போது தாண்டவில்லை. முதல் நாளே இப்படி வைத்திருக்க முடியும்.

மாற்றிக்கொண்டவை

கடையும் வீடும் சந்திக்கும் தளத்துக்கு இப்போது தனி வரைபடம் போடுகிறேன். அதில் பீம், குழாய், ஏசி டக்ட், மின்கம்பிப் பாதை எல்லாம் ஒன்றாக இருக்கும். அதில் பிளம்பிங் ஆளும் கையெழுத்துப் போடாமல் அந்தத் தளத்துக்குக் கான்கிரீட் இல்லை. துளை கட்டாயம் வேண்டுமென்றால் கான்கிரீட்டுக்கு முன்பே ஸ்லீவ் (துளைக்கான குழாய் உறை) வைத்து, சுற்றிலும் கூடுதல் ரிங்கும் சாய்வுக் கம்பியும் கொடுத்து விடுகிறோம். டிரான்ஸ்ஃபர் பீமில் அதுவும் கிடையாது.

சென்ட்ரிங் பிரித்த அன்றே அந்த பீம்களில் சிவப்புப் பட்டை அடித்து, துளை போடாதே என்று தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் நான்கிலும் எழுதுகிறோம். எழுத்துப் படிக்காதவருக்காக இயந்திரத்தின் படம் வரைந்து குறுக்கே ஒரு கோடு. முட்டுகளை எடுக்கும் தேதியையும் இப்போது நானே எழுத்தில் கொடுக்கிறேன்; காண்டிராக்டர் தானாக எடுப்பதில்லை.

வாடகைக்காரரின் தேவைகளைக் கணக்குக்கு முன்னால் நேரில் கேட்கிறேன். 8.4 மீட்டர் திறப்பு வேண்டும் என்று அவர் எழுதி வாங்கியபோது நான் அந்த அறையில் இல்லை. இருந்திருந்தால் 3.9 மீட்டரில் இரண்டு வாசல் போதுமா என்று அன்றே கேட்டிருப்பேன். கடைசியில் அவர் ஏற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

வலப்பக்க பீமில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளில் இரண்டைக் கடையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே விட்டு வைத்திருக்கிறோம், பார்ப்பதற்கு ஒரு திறப்பும் உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் அந்தச் சைட் இன்ஜினியர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துப் படம் அனுப்புகிறார். துலாவர்ஷம் முடிந்து போன வாரம் வந்த படத்தில் இரண்டும் முழுதாக இருந்தன.